ஆன்லைன் கேசினோவில் ஜெயிச்ச பணம் சம்பள அக்கவுண்ட்டுக்கு வந்தா என்ன ஆகும்?

"புதுச் சட்டத்துல ஆடுறவனுக்குத் தண்டனையே இல்ல சார், நடத்துறவனுக்கு மட்டும்தான்." நம்ம சேனல் கமெண்ட்ல இந்த வரியை அடிக்கடி பார்க்கிறேன். பாதி சரி. மீதிப் பாதியிலதான் உங்க சம்பள அக்கவுண்ட் மாட்டியிருக்கு. இன்னைக்கு அந்தப் பாதியைப் பத்திப் பேசுவோம்.

முதல்ல சட்டத்தை வேகமா முடிச்சிடலாம்.

மத்திய அரசோட 'ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025' ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் நிறைவேறியது, 21 அன்று மாநிலங்களவையில். 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. பணம் கட்டி ஆடுற எந்த ஆன்லைன் ஆட்டமா இருந்தாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவினால் மறுபடி 3 ஆண்டு, 1 கோடி. இதுல ஆடுறவருக்குன்னு தனியா தண்டனை இல்லை என்பது உண்மைதான்.

ஆனா நாம இருக்கிறது தமிழ்நாட்டுல. இங்கே 2023-லிருந்தே தனிச் சட்டம் இருக்கு. அதுக்குப் பின்னால ஒரு நீண்ட இழுபறி உண்டு. 2021-ல் மாநில அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அப்புறம் அவசரச் சட்டம், அப்புறம் மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டம்னு தடைக்கு வெளியே எடுத்தது. மற்றபடி சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ரம்மிக்கு 1968-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆதரவா இருந்தது, அதனால அதுல வாதத்துக்கு இடம் இருந்துச்சு. ஸ்லாட், ரூலெட், கலர் பிரெடிக்‌ஷன் மாதிரி ஆட்டங்களைத் திறமைன்னு எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

இந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி ஆன்லைன் சூதாட்டம் *ஆடுறவருக்கே* 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். டெல்லிச் சட்டத்தை மட்டும் படிச்சிட்டு ரீல்ஸ் போடுறவங்க இதைச் சொல்றதில்லை. சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 2022-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத தளத்துல ஆடினவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. ஊருக்கு போன் பண்ணி "இங்கே எல்லாம் ஓப்பன்"னு சொல்ற அண்ணன்களை நம்ப வேண்டாம்.

சரி, 5,000 ரூபாய் அபராதம்தானேன்னு நினைக்கலாம். விஷயம் அங்கே இல்லை.

அரசு பிடிக்கிற இடம் எது?

லாட்டரிக் கடை இருந்த காலம் உங்க அப்பாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டுல லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. அப்போ தடைன்னா கடை ஷட்டரை இறக்குறது. இப்போ கடை உங்க செல்போனுக்குள்ள இருக்கு. நடத்துறவன் வெளிநாட்டுல இருக்கான். தளத்துக்குக் கீழே 'குராசாவ் லைசென்ஸ்'னு சின்ன எழுத்துல போட்டிருப்பான். அது கரீபியன் கடல்ல இருக்கிற ஒரு தீவு. அந்த லைசென்ஸுக்கு இங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

தளத்தை முடக்கினா? 2022-லிருந்து 2025 ஜூன் வரை சூதாட்ட, பந்தயத் தளங்கள், ஆப்கள் மேல 1,524 முடக்க உத்தரவு போட்டதா மத்திய அரசு சொல்லியிருக்கு. 2023 நவம்பரில் மஹாதேவ் உட்பட 22 செயலிகளை ஒரே நாளில் முடக்கினாங்க. முடக்கின தளம் பேருக்குப் பின்னால ஒரு நம்பர் சேர்த்துக்கிட்டு மறுநாள் டெலிகிராம்ல வந்து நிக்குது. அதனால நடைமுறையில அரசு கை வைக்கக்கூடிய இடம் ஒண்ணுதான்: பணம் போற வழி. அந்த வழியில உங்க அக்கவுண்ட்டும் ஒரு கண்ணி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேடசந்தூர்ல ஒரு மில்லில் 26,000 ரூபாய் சம்பளம் வாங்குற தம்பி ஒருத்தர்னு வச்சுக்குவோம். கேசினோ ஆப்ல 500 ரூபாய் கட்டுறார். யுபிஐல பணம் போற பேரைப் பாருங்க. கேசினோ பேரா வரும்? வராது. ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ், இல்லைன்னா வடக்கே எங்கேயோ இருக்கிற தனி ஆள் பேரு. அடுத்த தடவை கட்டும்போது க்யூஆர் மாறியிருக்கும், பேரும் மாறியிருக்கும். இதெல்லாம் வாடகைக்கு எடுத்த அக்கவுண்ட்கள். நேர்வழியில பேமெண்ட் கேட்வே கிடைக்காதவன் இப்படித்தான் வசூல் பண்ணுவான்.

ஒரு நாள் தம்பி ஜெயிக்கிறார். 18,400 ரூபாய். வித்ட்ரா கொடுக்கிறார், பத்து நிமிஷத்துல பணம் சம்பள அக்கவுண்ட்டுக்கு வந்துடுது. "பார்த்தீங்களா, நம்பிக்கையான தளம்"னு நண்பருக்கு ஸ்கிரீன்ஷாட் போகுது. அந்த 18,400 யாருகிட்ட இருந்து வந்துச்சு? இன்னொரு வாடகை அக்கவுண்ட்ல இருந்து. அந்த அக்கவுண்ட்ல கேசினோ பணம் மட்டும் இருக்காது. 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு மிரட்டி ஒரு ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட பறிச்ச பணமும் அதே குழாய்ல ஓடும். கும்பலுக்கு அக்கவுண்ட் பஞ்சம், ஒண்ணையே நாலு வேலைக்குப் பயன்படுத்துவாங்க.

அந்த வாத்தியார் 1930-க்கு போன் பண்றார். புகார் பதிவாகுது. அவர் பணம் முதல்ல போன அக்கவுண்ட், அங்கிருந்து ரெண்டாவது, மூணாவதுன்னு வங்கிகள் வரிசையா நிறுத்தி வைக்கும். மூணாவது படியில நம்ம தம்பியோட சம்பள அக்கவுண்ட். போலீஸுக்கு இந்த அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவுல இருக்கு, பழைய சட்டத்தில் இது 102. முன்கூட்டி நோட்டீஸ் எல்லாம் வராது. ஏடிஎம்ல கார்டைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சில நேரம் 18,400-ஐ மட்டும் லீன் போட்டு நிறுத்துவாங்க. சில நேரம் மொத்த அக்கவுண்ட்டும் டெபிட் ஃப்ரீஸ். அப்போ ஒண்ணாம் தேதி சம்பளம் உள்ளே வரும், வெளியே வராது. அஞ்சாம் தேதி பைக் இஎம்ஐ பவுன்ஸ், பவுன்ஸ் சார்ஜ், சிபில் ஸ்கோர்ல ஒரு அடி. வீட்டு வாடகைக்குக் கடன். புகார் கொடுத்த ஊர் ராஜஸ்தானோ தெலங்கானாவோ, விசாரணை அதிகாரி அங்கே இருக்கார். திண்டுக்கல் கிளை மேனேஜரால ஒண்ணும் பண்ண முடியாது, அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இப்போ அந்த அதிகாரி மெயில்ல ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்த 18,400 ரூபாய் உங்களுக்கு எதற்காக வந்தது?"

என்ன பதில் எழுதுவீங்க? நண்பர் கொடுத்த கைமாத்துன்னு எழுதினா பொய், ரெண்டாவது கேள்வியிலேயே உடைஞ்சிடும். கேசினோல ஜெயிச்சதுன்னு எழுதினா, தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம் செய்ததா உங்க கையெழுத்துல நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்க. கூடவே வரிக்கு உட்பட்ட ஒரு வருமானத்தையும் ஒப்புக்கிறீங்க. ஒரு சிஏவா நான் பார்க்கிற பெரிய ஆபத்து இதுதான். தோத்த பணம் போனது போகட்டும், *ஜெயிச்ச பணத்துக்கு* உங்களால நேர்மையா ஒரு விளக்கம் கொடுக்க முடியாது. விளக்கம் சொல்ல முடியாத பணம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சம்பள அக்கவுண்ட்ல இருக்கக் கூடாது.

"நான் கிரிப்டோல கட்டுறேன், எனக்குப் பிரச்சினை இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு: யுஎஸ்டிடியைத் திரும்ப ரூபாயா மாத்தும்போது யாரோ தெரியாத ஆள்தான் உங்களுக்கு யுபிஐ பண்றார். அதே குழாய்தான். கூடுதலா கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி தனி. லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக்ஸ் வகைகளுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறதை அந்நியச் செலாவணி விதிகள் 2000-லிருந்தே தடை செய்திருக்கு. ஃபெமா மீறலுக்கு அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரை போகும்.

வரிக் கணக்கு

சட்டவிரோதமா வந்த பணத்துக்கு வரி கிடையாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. தப்பு. வருமான வரிச் சட்டம் பணம் எப்படி வந்ததுன்னு பார்த்து விலக்கு தராது.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஜே பிரிவின்படி ஆன்லைன் ஆட்டத்தில் வந்த நிகர வெற்றிக்கு 30% வரி, 4% செஸ் சேர்த்து 31.2%. அடிப்படை விலக்கு வரம்பு இதுக்கு உதவாது. "12 லட்சம் வரை வரி இல்லையே சார்"னு கேட்பீங்க. அது 87ஏ தள்ளுபடியால வர்ற சலுகை. இந்த மாதிரி தனி விகித வருமானத்துக்கு அது பொருந்தாது. உங்க சம்பளத்துக்கு ஒரு பைசா வரி இல்லாட்டியும், கேசினோ வெற்றிக்கு முதல் ரூபாயிலிருந்து வரி.

நிகர வெற்றின்னா எடுத்ததுல இருந்து கட்டினதைக் கழிச்சது. ஆனா கணக்கு நிதியாண்டுக்குள்ள மட்டும். 2025 மார்ச்சில் ஒருத்தருக்கு 60,000 ரூபாய் நிகர வெற்றி, பணத்தை எடுத்துட்டார். ஏப்ரலில் மறுபடி ஆடி அதே 60,000-ஐத் தோத்துட்டார். கையில பூஜ்யம். 2024-25 கணக்குல வரி 18,720 ரூபாய், அது மாறாது. ஏப்ரல் தோல்வியைப் பின்னோக்கி எடுத்துட்டு வந்து கழிக்க முடியாது, சம்பளத்துல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் தூக்கிட்டுப் போக முடியாது.

இந்தியாவுல பதிவான கம்பெனிகள் நடந்த வரைக்கும், 2023 ஏப்ரலிலிருந்து 194பிஏ பிரிவின்படி அவங்களே 30% டிடிஎஸ் பிடிச்சாங்க, அது உங்க 26ஏஎஸ்-ல தெரியும். 2025 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் பெரிய கம்பெனிகள் பணம் கட்டி ஆடுற ஆட்டங்களை நிறுத்திட்டாங்க. இப்போ மிச்சம் இருக்கிற கடல் தாண்டிய கேசினோ டிடிஎஸ் பிடிக்காது, சர்ட்டிஃபிகேட் தராது. அங்கே தான் அடுத்த சிக்கல்.

நம்ம தம்பியையே எடுத்துக்குங்க. 2024-25 முழுக்க அவர் கட்டினது 1,40,000, எடுத்தது 90,000. உண்மையில 50,000 நஷ்டம், நிகர வெற்றியே இல்லை, வரியும் இல்லை. ஆனா பேங்க் ஸ்டேட்மெண்ட்ல என்ன தெரியும்? முன்பின் தெரியாத இருபது பேரிடமிருந்து 90,000 ரூபாய் வரவு. கட்டின 1,40,000-ம் கேசினோவுக்குத்தான் போச்சுன்னு நிரூபிக்க, டிரேடர்ஸ் பேரு இருக்கிற யுபிஐ வரிகளைத் தவிர அவர்கிட்ட ஒண்ணும் இல்லை. தளம் முடங்கிட்டா ஆட்ட வரலாறும் போச்சு. விளக்கம் இல்லாத வரவுன்னு அதிகாரி முடிவு பண்ணினா, 2024-25-க்கு 115பிபிஇ பிரிவு: 60% வரி, அதுக்கு மேல 25% சர்சார்ஜ், 4% செஸ், மொத்தம் 78%. 90,000-க்கு 70,200 ரூபாய். 50,000 தோத்தவருக்கு!

நேர்மையா சொல்லணும்னா, 90,000 ரூபாய்க்காக வருமான வரித் துறை ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டாது. ஆனா அக்கவுண்ட் ஃப்ரீஸுக்கு அந்த மாதிரி அளவு கிடையாது. சில நூறு ரூபாய்க்கும் லீன் விழும்.

இன்னொண்ணு, கேசினோ வெற்றி இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 தான். ஃபார்ம் 16-ஐ வச்சு ஐந்து நிமிஷத்துல ஃபைல் பண்ணி முடிச்சவங்க, அந்த வருஷத்துல நிகர வெற்றி இருந்திருந்தா, ஐடிஆர்-யு மூலமா திருத்தலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 48 மாதம் வரை வழி இருக்கு. கூடுதல் வரி 25%-ல தொடங்கி, தாமதமாக ஆக 70% வரை ஏறும். சீக்கிரம் போட்டா மலிவு.

ஏற்கனவே உள்ளே இருந்தா

அக்கவுண்ட் இன்னும் முடங்கலைன்னா, ஆப்பை நீக்குறதுக்கு முன்னால ரெண்டு விஷயம் பண்ணுங்க. தளத்துல இருக்கிற டெபாசிட், வித்ட்ரா வரலாறு முழுசையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அந்தக் காலத்து பேங்க் ஸ்டேட்மெண்ட்டை பிடிஎஃப்பா இறக்கி வைங்க. நாளைக்கு உங்க பக்கம் பேசப் போற ஒரே ஆவணம் அதுதான்.

முடங்கிடுச்சுன்னா, பதறாம வங்கிக் கிளைக்கு எழுத்து மூலமா நாலு விவரம் கேளுங்க: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிப் பரிவர்த்தனை. வாய்மொழியா கேட்டா "சைபர் கிரைம் சார்"னு மட்டும் பதில் வரும். விவரம் கிடைச்சதும் அதிகாரிக்கு நீங்களா மெயில் அடிக்காதீங்க. முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க, மேலே சொன்ன காரணத்துக்காக. எதை, எப்படி, எந்த அளவுக்கு எழுதணும்னு அவர் சொல்வார். ரெண்டாயிரம், மூவாயிரம் ஃபீஸ் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. பொய் மட்டும் எழுதவே கூடாது.

மொத்த அக்கவுண்ட்டையும் முடக்காம, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் திசையில் உத்தரவு கொடுத்திருக்கு. போலீஸ்ல நகரலைன்னா சம்பந்தப்பட்ட மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம். "5,000 கொடுத்தா ரெண்டு நாள்ல அன்ஃப்ரீஸ்"னு டெலிகிராம்ல வர்றவன் அதே கும்பலோட தம்பி.

பணம் உள்ளே மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு தகவல். "வித்ட்ரா பண்ணணும்னா முதல்ல 30% வரியை எங்களுக்குக் கட்டுங்க"ன்னு தளம் கேட்குதா? டிடிஎஸ்னா கொடுக்கிற பணத்துல பிடிச்சுக்கிறது. உங்ககிட்ட தனியா வாங்குறது டிடிஎஸ்ஸே இல்லை, சுத்தமான மோசடி. கட்டினா அதுவும் போகும். உடனே 1930, அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்.

ரெஃபரல் லிங்க் போடுறவங்க, அதை இன்னைக்கே அழிச்சிடுங்க. "சும்மா ஸ்டேட்டஸ்ல வச்சேன்"கிறது விளம்பரத்துல வராதுன்னு வாதாடிப் பார்க்கலாம்தான், ஆனா எதிர்ல நிக்கிறது ரெண்டு வருஷமும் 50 லட்சமும். மாசம் அஞ்சாயிரம் தர்றோம், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மட்டும் கொடுங்கன்னு யாராவது கேட்டா அது இதைவிட மோசம். மத்தியச் சட்டத்துல பணப் பரிமாற்றத்துக்கு உதவுறவங்க பட்டியல்ல வங்கி, நிதி நிறுவனத்தோட 'வேறு எந்த நபரும்' என்ற சொல்லும் இருக்கு. அந்த நபர் நீங்களா இருக்கலாம். அந்தப் பிரிவு ஜாமீனில் வர முடியாத குற்றம்.

விட்டதைப் பிடிக்கணும்னு லோன் ஆப்ல வாங்கிக் கட்டுற நிலைக்குப் போயிருந்தா, இது கணக்கு வழக்கு விஷயம் மட்டும் இல்லை. ஐரோப்பிய ரூலெட்ல 37 கட்டம், ஜெயிச்சா 35 மடங்கு. நேர்மையா நடத்தினாலே கட்டுற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியா 2 ரூபாய் 70 காசு வீட்டுக்காரனுக்கு. நேர்மையா நடத்துறான்னு பார்க்க இங்கே யாரும் இல்லை. தூக்கம் வராம, வீட்டுல சொல்ல முடியாம இருக்கிறவங்க 14416-க்கு அடிங்க. டெலிமானஸ், அரசோட இலவச மனநல உதவி, தமிழ்லயே பேசலாம். யார்கிட்டயாவது ஒருத்தர்கிட்ட மொத்தக் கடன் தொகையையும் சொல்லிடுங்க. அப்பாவோ, அக்காவோ, ரூம்மேட்டோ.

கடைசியா, சம்பளத் தேதி நெருங்குது, அக்கவுண்ட் முடங்கியிருக்கு, என்ன பண்றதுன்னு கேட்கிறவங்களுக்கு. உங்க பேருல வேற வங்கியில ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பளக் கணக்கை மாத்தச் சொல்லி எச்ஆர்-க்கு மெயில் போடுங்க. இது சட்டப்படி சரிதான், எதையும் மறைக்கிறதா ஆகாது. பழைய கணக்கு அப்படியே இருக்கும், அதுல லீன் தொகையும் இருக்கும். பல கம்பெனிகள்ல சம்பளப் பட்டியலை மாசக் கடைசி வாரத்துக்கு முன்னாலயே மூடிடுவாங்க, அதனால 20-ம் தேதிக்குள்ள அனுப்புங்க. இஎம்ஐ மேண்டேட்டையும் புதுக் கணக்குக்கு மாத்தணும், அது தானா மாறாது.